ஸ்டேஜ்-3 கிளட்ச்சும் கொஞ்சம் ஜல்லியும்

டிஸ்கி: இது சண்டைப் பதிவு. யாரையும் பேர் சொல்லித் திட்டலை, ஆனா திட்டறது நிஜம். நடுவுல ரெண்டு மூணு இடத்துல கணக்கு வரும். பிடிக்காதவங்க அதைத் தாண்டி வந்துடுங்க, மிச்சம் புரியும். உள்குத்து எதுவும் இல்லை, எல்லாமே வெளிக்குத்துதான் :-)

நேரா மேட்டருக்கு வர்றேன். ஆட்டோமேட்டிக் வண்டியை மேனுவலா மாத்தறவங்க கியர்பாக்ஸைப் பத்தி ஆறு மாசம் யோசிக்கறாங்க. எந்த வருஷத்துது, எந்த வண்டியில இருந்து வந்தது, எத்தனை மைல் ஓடினதுன்னு ஜாதகம் பார்க்கறாங்க. ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் மட்டும் அஞ்சு நிமிஷத்துல வாங்கிடறாங்க. அந்த அஞ்சு நிமிஷத்துல அவங்க கேட்கற ஒரே கேள்வி, "இருக்கறதுலயே பெருசு எது?"

என் கட்சி இதுதான். தினமும் ரோட்டுல ஓடற, எஞ்சின்ல கை வைக்காத காருக்கு, கம்பெனி கொடுத்த எடையில ஒரு இரும்பு இல்லேன்னா ஸ்டீல் ஃப்ளைவீல், கம்பெனி ரகத்துலயே ஒரு ஆர்கானிக் கிளட்ச் பிளேட். முடிஞ்சது. இதுக்கு மேல விக்கறவர் உங்க காருக்கு விக்கலை, உங்க ஆசைக்கு விக்கறார்.

"நீ யாருடா இதைச் சொல்ல?" நியாயமான கேள்வி. படிச்சது மெக்கானிக்கல், பொழைப்பு ஜாவா. டெட்ராய்ட் பக்கத்துல நோவையில ஆணி புடுங்கிட்டு, சனிக்கிழமையானா யாராவது காருக்கு அடியில படுத்திருக்கற ஜாதி. படிச்ச படிப்புக்கு வேற என்ன பிராயச்சித்தம் பண்ண முடியும் சொல்லுங்க?

இப்ப எதுக்கு இந்தக் கோவம்னா, ஒரு நண்பர். பேர் வேண்டாம், தலைவர்னு வெச்சுக்குவோம். ஊர்ல ஸ்விஃப்ட்ல கியர் போட்டுப் பழகின கை. இங்க வந்து நாலு வருஷமா ஆட்டோமேட்டிக்கை ஓட்டி ஓட்டி இடது கால் மரத்துப் போச்சுன்னு புலம்பிட்டிருந்தார். துருப்பிடிக்காத ஒரு 1991 மஸ்டாங் எல்எக்ஸ் 5.0 கிடைச்சது. ஒரே குறை, அது ஏஓடி, அதாவது ஃபோர்டோட நாலு கியர் ஆட்டோமேட்டிக். ரெண்டு வருஷம் காசு சேர்த்து, அதே காலத்து மஸ்டாங்ல வந்த டி-5 அஞ்சு கியர் பாக்ஸை மாட்டறதா முடிவு. ஒரு கடையில விட்டார். கடைப் பேரும் வேண்டாம்.

டி-5 நல்லாத்தான் கிடைச்சது, 1989 வண்டியில இருந்து எடுத்தது. கிளட்ச் பேச்சு வந்தப்போ கடைக்காரர் சொன்னாராம்: "ஸ்டாக் கிளட்ச் எல்லாம் தாத்தாக்களுக்கு. நீ ஸ்டேஜ்-3 போடு." ஆறு பீங்கான் வில்லை ஒட்டின பிளேட், கடுமையான ஸ்பிரிங் வெச்ச பிரஷர் பிளேட், அலுமினிய ஃப்ளைவீல். பில்லை என்கிட்ட காட்டினப்போ வேலையே முடிஞ்சிருந்தது.

அப்புறம் என்ன? ஐ-696ல சாயங்கால நெரிசல்னா தெரியும்ல, பத்தடி நகரும், நிக்கும், பத்தடி நகரும். ஒவ்வொரு பத்தடிக்கும் வண்டி உதறிக்கிட்டே கிளம்பும், இல்லேன்னா அணைஞ்சு போகும். பின்னாடி ஹாரன். அவர் வீட்டம்மா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு சாவியை மேஜையில வெச்சவங்கதான். மூணாவது மாசம் பெடல் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைஞ்சது (அதுக்கு வர்றேன்). அக்டோபர்ல வண்டியை வித்துட்டார். வித்த அன்னிக்கு என்கிட்ட சொன்னது: "மேனுவல் எல்லாம் நமக்கு ஒத்து வராது மச்சி."

இதுதான் எனக்குத் தாங்கலை. சென்னை டிராஃபிக்ல ஹாஃப் கிளட்ச்ல மேம்பாலம் ஏத்தின மனுஷன் அவர். ஓட்டத் தெரியாதவர்னு தன்னையே நம்ப வெச்சுட்டாங்க. கெட்டுப் போனது அவர் கால் இல்லைங்க, பில்லுல இருந்த மூணு வரி.

போன வாரம் எங்க ஆபீஸ்ல ஒரு பையன், "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு ஒரு கொட்டேஷனை நீட்டினான். 1988 ஜிடி, அதுவும் ஏஓடி. அதே மூணு வரி. அதான் இந்தப் பதிவு.

கார் தெரியாதவங்களுக்கு ஒரு பாரா. ஆட்டோமேட்டிக்ல எஞ்சினுக்குப் பின்னாடி ஃப்ளெக்ஸ்பிளேட்னு மெல்லிசா ஒரு தகடு, அதுல எண்ணெய் நிரம்பின டார்க் கன்வர்ட்டர். தேவையான கனம் அந்தக் கன்வர்ட்டர்ல இருக்கு. மேனுவல்ல ரெண்டும் போயிடும். அந்த இடத்துக்கு ஃப்ளைவீல்னு கனமான ஒரு சக்கரம் வரும். அது மேல கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்க பிரஷர் பிளேட். பெடலை மிதிச்சா பிடி விடும், விட்டா பிடிக்கும். பாதி விட்டா பாதி வழுக்கும், அதுதான் நம்ம ஹாஃப் கிளட்ச்.

இப்ப ஜல்லிகளை ஒவ்வொண்ணா எடுப்போம்.

ஜல்லி 1: "ஸ்டாக் கிளட்ச் தாங்காது."

கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசை தாங்கும்கறதுக்கு ரெண்டாம் வருஷ மெஷின் டிசைன் கணக்கு போதும். பிளேட்டோட ரெண்டு பக்கம், உராய்வுக் குணகம், அழுத்தற விசை, சராசரி ஆரம், நாலையும் பெருக்கு. அவ்வளவுதான். 5.0 மஸ்டாங்குக்கு 10.5 இன்ச் பிளேட். உள்விட்டம் 7 இன்ச்னா சராசரி ஆரம் 0.111 மீட்டர். ஆர்கானிக்குக்கு உராய்வு 0.28, அழுத்தற விசை 8900 நியூட்டன், அதாவது 2000 பவுண்டுன்னு வெச்சுக்குங்க. பெருக்கினா சுமார் 550 நியூட்டன் மீட்டர்.

எஞ்சின் எவ்வளவு தருது? 1987ல இருந்து 1992 வரைக்கும் 225 குதிரை, 300 பவுண்டு-அடின்னு ஃபோர்டே போட்டது. அது சுமார் 407 நியூட்டன் மீட்டர். ஆக, சாதாரணக் கிளட்ச்லயே மூணுல ஒரு பங்குக்கு மேல மிச்சம் இருக்கு. எதுக்குங்க தாங்காது?

அதே கணக்குல பீங்கானுக்கு 0.4, விசை 12000 நியூட்டன் போட்டா 1065 வருது. எஞ்சின் தர்றதை விட ரெண்டரை மடங்குக்கு மேல. அந்த மிச்சம் ஒரு குதிரை சக்தியைக் கூட சேர்க்காது. வழுக்காத கிளட்ச் வழுக்காதுதான், இன்னும் அதிகமா வழுக்காம இருக்க முடியாது. வாரத்துக்குப் பத்து பேர் பார்க்கற பக்கத்துக்கு நாப்பது சர்வர் வாங்கின மேனேஜரை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அதே வியாதி.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? அந்தப் பெருக்கல்ல பரப்பளவே இல்லை. ஆறு வில்லையா வெட்டினாலும் பிடிக்கற திறன் அதனால மாறாது. மாறறது சூடு, தேய்மானம், வழுக்கற விதம். ஆர்கானிக் மெதுவா பிடிக்கும். பீங்கான் "கபால்"னு பிடிக்கும்.

ஜல்லி 2: "பலமா இருந்தா நல்லதுதானே, காசு நம்ம காசு."

நல்லது இல்லைங்க. டி-5க்கு ஒரு அளவு உண்டு. 1985-89 மஸ்டாங்ல வந்ததுக்கு 265 பவுண்டு-அடி, 1990-93ல வந்ததுக்கு 300. தலைவரோட பாக்ஸ் 1989. எஞ்சினே அதோட அளவுக்கு மேல தருது, மென்மையா ஓட்டினா பாக்ஸ் வருஷக்கணக்கா தாங்கும். திடீர்னு கிளட்ச்சை விட்டா, சுத்திட்டிருக்கற ஃப்ளைவீலோட வேகமும் சேர்ந்து ஒரு அடி அடிக்கும். சாதாரணக் கிளட்ச் அந்த நேரத்துல கொஞ்சம் வழுக்கி அடியை விழுங்கிடும். 1065 தாங்கற கிளட்ச் விழுங்காது, அப்படியே பல்சக்கரத்துக்கு அனுப்பிடும்.

நம்ம ஊர்ல பியூஸ் அடிக்கடி போகுதுன்னு பியூஸ் கட்டையில தடிமனா செம்புக் கம்பி சுத்தற மகான்கள் இருக்காங்கல்ல, அதே வேலைதான் இது. பியூஸ் போகாது. வீடு போகும்.

அடுத்து பெடல். அந்த மஸ்டாங்ல ஹைட்ராலிக் கிடையாது, கேபிள். பெடல் மேல ஒரு பிளாஸ்டிக் பல் துண்டு இருக்கும், குவாட்ரண்ட்னு பேர். கேபிள் தளர்ந்தா தானா சரி பண்ணிக்கும். கம்பெனி ஸ்பிரிங்குக்கு அளவெடுத்த துண்டு அது. மேல இருந்த கணக்குல விசை மூணுல ஒரு பங்கு கூடியிருக்கு, அது மொத்தமும் உங்க முட்டி, கேபிள், அந்தத் துண்டு, கேபிள் ஊன்றி நிக்கற ஃபயர்வால் தகடு எல்லாத்துலயும் ஏறுது. அதான் தலைவருக்கு மூணாவது மாசம் உடைஞ்சது. அலுமினியத் துண்டும் அட்ஜஸ்டரும் தனியா விப்பாங்க, அதுக்குத் தனி பில் :-(

ஜல்லி 3: "ஃப்ளைவீல் லேசா இருந்தா வண்டி பறக்கும்."

இது உண்மையிலயே கால்வாசி உண்மை, அதனாலதான் ஆபத்து. அந்த எஞ்சினோட இரும்பு ஃப்ளைவீல் சுமார் 20 பவுண்டு. அலுமினியம் 12ன்னு வெச்சுக்குங்க. குறையறது 8 பவுண்டு, 3.6 கிலோ. சுத்தற பொருளோட எடைக் குறைவு கியர் விகிதத்தோட வர்க்கத்துல பெருகும். டி-5 முதல் கியர் 3.35, பின் அச்சு 2.73ன்னு எடுத்தா, முதல் கியர்ல அது காருல இருந்து சுமார் 35 கிலோவை இறக்கினதுக்குச் சமம். பட்டேல் கடை 20 பவுண்டு அரிசிப் பை நாலு. ஓட்டறவரோட சேர்த்து 1500 கிலோ வண்டியில நாலு அரிசிப் பை! அஞ்சாவது கியர்ல, 0.68, அதே குறைவு ஒன்றரைக் கிலோ கூட வராது. அரை கேலன் பால் கேனை இறக்கி வெச்சாலே அதை விட அதிகம்.

இதுக்கு என்ன விலை கொடுக்கறோம்? 1500 சுத்துல இரும்பு ஃப்ளைவீல்ல சேர்ந்திருக்கற சக்தி சுமார் 1340 ஜூல். அந்த 1500 கிலோ கார் ஆள் நடக்கற வேகத்துல போனா அதுகிட்ட இருக்கற சக்தியும் கிட்டத்தட்ட அதே 1340தான். அதாவது சிக்னல்ல வண்டியைக் கிளப்பி விடற முதல் தள்ளு ஏற்கெனவே ஃப்ளைவீல்ல தயாரா நிக்குது. அலுமினியத்துல அது 800 ஆயிடும். அதே தள்ளு வேணும்னா 1900 சுத்து பக்கம் ஏத்தணும், இன்னும் கொஞ்ச நேரம் ஹாஃப் கிளட்ச்ல நிக்கணும்.

இப்பதான் கதையோட கூத்தே. லேசான ஃப்ளைவீல் அதிகமா ஹாஃப் கிளட்ச் கேட்குது. பீங்கான் பிளேட் ஹாஃப் கிளட்ச்சே தரமாட்டேங்குது. ரெண்டையும் ஒரே பில்லுல போட்டு ஒருத்தர் தலையில கட்டறாங்க! ஒண்ணுக்கொண்ணு ஜென்மப் பகை, இதுக்குப் பேர் "பேக்கேஜ்". தலைவர் கால் என்ன பண்ணும் பாவம்?

ஜல்லி 4: "ரேஸ்காரங்க எல்லாம் இதைத்தானே போடறாங்க?"

ஆமா, போடறாங்க. அவங்க பண்றது சரி. வளைவுக்கு வளைவு கியர் இறக்கறவருக்கு எஞ்சின் சட்டுனு ஏறி இறங்கணும். டிராக்ல ஐ-696 நெரிசல் இல்லை. டர்போ போட்டு 500 பவுண்டு-அடி எடுக்கறவருக்கு ஆர்கானிக் போதாது, அவரும் வாங்கட்டும். ஆனா அவங்க ஒரு விஷயத்தை விடாம பார்ப்பாங்க, இந்தக் கடைகள் அதைச் சொல்றதே இல்லை. அது எஸ்.எஃப்.ஐ 1.1. ஃப்ளைவீலும் கிளட்ச்சும் வேகத்துல சிதறாதுன்னு சோதிச்சுத் தர்ற தரச்சான்று. ஃப்ளைவீல் சுத்தறது உங்க பாதத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, நடுவுல இருக்கறது ஒரு அலுமினிய மூடியும் தகடும்தான். 1970 மார்ச்ல கலிஃபோர்னியா லயன்ஸ் டிராக்ல டான் கார்லிட்ஸோட டிராக்ஸ்டர்ல கியர்பாக்ஸ் வெடிச்சு, வண்டி ரெண்டா பிளந்து, அவரோட வலது பாதத்துல ஒரு பகுதி போச்சு. அதுக்கப்புறம்தான் அவர் எஞ்சினைத் தனக்குப் பின்னாடி வெச்சு வண்டி கட்டினார். காலுக்குப் பக்கத்துல சுத்தற இரும்போட பலம் அவ்வளவு. ரேஸ்காரரைக் காப்பி அடிக்கறதா இருந்தா முதல்ல அந்தச் சான்றைக் காப்பி அடிங்க.

"பின்னாடி டர்போ போடுவேன், இப்பவே வாங்கி வெச்சுட்டா?"ன்னு கேட்கறவங்களுக்கு: கிளட்ச் தேயற சாமான். டர்போ வர்றதுக்குள்ள இது தேய்ஞ்சிருக்கும், இல்லேன்னா நீங்க வண்டியை வித்திருப்பீங்க. அப்போ வாங்குங்க.

அப்புறம் இந்த "ஸ்டேஜ்". ஸ்டேஜ்-1, 2, 3னு எந்தத் தர நிர்ணயமும் கிடையாது மக்கா. ஒரு கம்பெனியோட 2 இன்னொரு கம்பெனியோட 3. விக்கறவர்கிட்ட எண்ணைக் கேட்காதீங்க. எத்தனை பவுண்டு-அடி தாங்கும், பிளேட் எந்தப் பொருள், நடுவுல ஸ்பிரிங் இருக்கா, பிரஷர் பிளேட் எத்தனை பவுண்டுல அழுத்தும்னு கேளுங்க. பதில் வரலைன்னா எஸ்கேப் ஆயிடுங்க.

எனக்கு இன்னும் பெரிய கோவம் ஒண்ணு இருக்கு. இவ்வளவு ஜல்லி அடிக்கறவங்க, உண்மையிலயே தப்பினா எஞ்சினே போற விஷயத்தை வாயே திறக்கறதில்லை: சமநிலை எடை. ஃபோர்டு 302 எஞ்சின், அதான் நம்ம 5.0, வெளியில இருந்து சமன் செய்யற வகை. முன்னாடி இருக்கற பேலன்சர்லயும் பின்னாடி ஃப்ளைவீல்லயும் வேணும்னே ஒரு பக்கம் எடை வெச்சிருப்பாங்க. பழைய 302க்கு அது 28 அவுன்ஸ்-இன்ச். 80-களோட தொடக்கத்துல ஃபோர்டு அதை 50 ஆக்கிடுச்சு. ரெண்டு ஃப்ளைவீலும் பார்க்க ஒரே மாதிரி, போல்ட் ஓட்டையும் பொருந்தும். மாத்திப் போட்டா 22 அவுன்ஸ்-இன்ச் வித்தியாசம். 5000 சுத்துல அது 4300 நியூட்டன் பக்கம் வரும். நானூறு கிலோவுக்கு மேல எடை, நொடிக்கு 83 தடவை கிராங்கைச் சுத்திச் சுத்திப் பிச்சு இழுக்கற மாதிரி. பேரிங் என்ன கதியாகும்னு நான் சொல்லணுமா?

பல் எண்ணிக்கையும் அப்படித்தான். ஏஓடியோட ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கு 164 பல், டி-5 மஸ்டாங் ஃப்ளைவீலுக்கு 157. விட்டம் மாறுது. அதனால எஞ்சினுக்கும் பெல்ஹவுசிங்குக்கும் நடுவுல இருக்கற தகடும் மேனுவல் வண்டியோடதாவே இருக்கணும். இல்லேன்னா ஸ்டார்ட்டர் பல்லைக் கடிச்சுட்டுக் கத்தும்.

தலைவரோட பில்லை நான் வரி வரியா பார்த்தேன். அலுமினிய ஃப்ளைவீலோட பளபளப்பைப் பத்தி ஒரு வரி இருந்தது. எத்தனை அவுன்ஸ்னு இல்லை.

மஸ்டாங் இல்லாதவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெர்மன் கார், டீசல் கார் வெச்சிருக்கறவங்க டூயல் மாஸ் ஃப்ளைவீலைத் தூக்கிட்டு ஒத்தை இரும்பா போடறாங்க. லுக் கம்பெனி 1985ல உற்பத்திக்குக் கொண்டு வந்த சாமான் அது. ரெண்டு சக்கரம், நடுவுல ஸ்பிரிங், எஞ்சினோட அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாம தடுக்கும். விலை அதிகம், தேயவும் தேயும், ஒத்துக்கறேன். எடுத்துட்டா அந்த அதிர்வு எங்க போகும்? கியர்பாக்ஸுக்குள்ள "கடகட"ன்னு சத்தமா வரும். அதைத் தாங்க ரெடின்னா போடுங்க. "எந்த வித்தியாசமும் தெரியாது"ன்னு விக்கறவரை நம்பாதீங்க.

சரி, திட்டினது போதும். ஆபீஸ் பையனுக்கு எழுதிக் கொடுத்ததை இங்கயும் போடறேன்:

1. முதல்ல பொருத்தம். 50 அவுன்ஸ், 157 பல், 10.5 இன்ச், 10 பல்லு ஸ்ப்லைன். பில்லுல எழுத்துல வாங்கு.

2. ஃப்ளைவீல் கம்பெனி எடை. எஞ்சினை 6000க்கு மேல ஏத்தற ஆளா இருந்தா அதே எடையில எஸ்.எஃப்.ஐ 1.1 சான்று உள்ள ஸ்டீல். காசு மிச்சம் பண்ற இடம் இது இல்லை.

3. பிளேட் ஆர்கானிக், நடுவுல ஸ்பிரிங் வெச்சது. தாங்கற திறன் எஞ்சினை விட மூணுல ஒரு பங்கு அதிகம் இருந்தா போதும்.

4. கிராங்க் முனையில பைலட் பேரிங் போட்டாங்களான்னு பாரு. ஆட்டோமேட்டிக் வண்டியில அது இருக்காது. மறந்தா மொத்த பாக்ஸையும் திரும்ப இறக்கணும்.

5. ஃப்ளைவீலுக்கு ஃப்ளைவீல் போல்ட். ஃப்ளெக்ஸ்பிளேட் போல்ட் நீளம் பத்தாது.

6. ரிலீஸ் பேரிங்கும் கேபிளும் புதுசு. பாக்ஸ் கீழ இருக்கும்போது செலவு கம்மி, மேல ஏறினப்புறம் ஒரு சனிக்கிழமை போயிடும்.

7. முதல் 500 மைல் மென்மையா ஓட்டு. யாராவது சிக்னல்ல உறுமினா சிரிச்சுட்டு வழி விடு.

அவன் படிச்சுட்டு, "அண்ணா, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்ன கிளட்ச்னு சொல்றது?"ன்னு கேட்டான். பாருங்க, கடைசியில எல்லாம் இங்கதான் வந்து நிக்குது! கிளட்ச் பெல்ஹவுசிங்குக்குள்ள இருக்கு, யாரும் பார்க்கப் போறதில்லை. அதை எடுத்துக் காட்டற நிலைமை வந்துச்சுன்னா வண்டி ரிப்பேர்ல நிக்குதுன்னு அர்த்தம்.

ஆகஸ்ட்ல வுட்வர்ட் அவென்யூவுல டிரீம் க்ரூஸ் நடக்கும்போது வந்து பாருங்க. 1995ல இருந்து நடக்குது, பழைய கார் எல்லாம் ஊர்ந்துட்டே போகும். எந்த வண்டி நெரிசல்ல குலுங்காம நகருது, எது உதறி உதறி நிக்குதுன்னு ஃபுட்பாத்துல உட்கார்ந்தே சொல்லிடலாம். உதறற வண்டியோட ஓனர்கிட்ட கிளட்ச் பத்திக் கேட்டுப் பாருங்க, "ஸ்டேஜ்" ஏதாவது வாயில வருதான்னு.

பி.கு: டர்போ வெச்சிருக்கற அண்ணாச்சிகள் கோவிச்சுக்க வேணாம், உங்களைச் சொல்லலை. "தாத்தா கிளட்ச்"னு கிண்டல் பண்றவங்க தாராளமா பண்ணுங்க. அந்தத் தாத்தா ஹாஃப் கிளட்ச்ல, ஒரு கையில காபியோட, வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.